சக்கரவர்த்திக் கீரையை அடையாளம் காண்போம்

சந்தையில் கீரை விற்பவரிடம் “பருப்புக்கீரை கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். ஓர் ஊரில், தரையோடு தரையாகப் படர்ந்து, தடித்த சிறு இலைகளும் மஞ்சள் பூக்களும் கொண்ட ஒரு கீரையைத் தருவார்கள். வேறோர் ஊரில், நிமிர்ந்து வளர்ந்து, இலையின்மேல் திருநீறு தூவியது போன்ற ஒரு கீரையைத் தருவார்கள். இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள். விற்பவர் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு வழங்குகிறது, அவ்வளவுதான்.

திருநீறு தூவியது போன்ற அந்த இரண்டாவது செடியைப் பற்றித்தான் நாம் காணப் போகிறோம். இதற்குச் சக்கரவர்த்திக் கீரை என்ற பெயரும் உண்டு. வட இந்தியாவில் இதைப் பதுவா என்கிறார்கள். இங்கிலாந்தில் ‘கொழுத்த கோழி’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பெயர்கள் இத்தனை இருப்பதால்தான் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு பெயர் தேவைப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்குக் கீனோபோடியம் ஆல்பம் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘கீன்’ என்றால் பெருவாத்து; ‘போடியன்’ என்றால் சிறிய பாதம். ‘ஆல்பம்’ என்பது வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல். வாத்தின் பாதத்தைப் போன்ற இலையும் வெண்பொடியும் கொண்ட செடி என்பது இப்பெயரிலேயே அடங்கிவிட்டது.

ஆனால், பெயரை மனப்பாடம் செய்துவிட்டால் செடியை அறிந்தவர்கள் ஆகிவிட மாட்டோம். வயல் வரப்பில் நூறு செடிகளுக்கு நடுவே இதைத் தேடி எடுத்து, “இது இன்ன செடிதான், இன்ன காரணங்களால் இதுதான்” என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன வழி?

செடியை முழுமையாகப் பாருங்கள்

ஒரு கைலென்ஸ், ஒரு சிறு கத்தி, ஒரு குப்பித் தண்ணீர், குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். செடியைப் பறிப்பதற்கு முன், அது நிற்கும் நிலையிலேயே நன்றாகப் பாருங்கள்.

சக்கரவர்த்திக் கீரை ஓராண்டுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து மடிந்துவிடும் செடி. நிமிர்ந்து வளரும். உயரத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். வறண்ட கட்டாந்தரையில் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடும் இச்செடி, எருக்குழியின் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் உயரம்கூட வளரும்.

தண்டைத் தடவிப் பாருங்கள். உருண்டையாக, வழவழப்பாக இராது; நெடுக வரிவரியாக மேடுகள் இருக்கும். அந்த வரிகள் பச்சையாகவோ செந்நீலமாகவோ தெரியும். இலைகள் கிளைகளில் சேரும் கணுக்களிலும் பெரும்பாலும் சிவப்புச் சாயல் உண்டு. முள் எதுவும் கிடையாது.

அடுத்து இலைகள். அவை ஒன்றுக்கொன்று எதிராக அல்லாமல், மாறி மாறி அமைந்திருக்கும். செடியின் கீழ்ப்பகுதியில் உள்ள இலைகள் சாய்சதுர வடிவம் கொண்டவை. அவற்றின் விளிம்பில் ஒழுங்கற்ற பற்கள் இருக்கும். இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பல் சற்றுப் பெரிதாக நீண்டு, வாத்தின் பாதத்தை நினைவூட்டும். மேலே போகப் போக இலைகள் குறுகி, பற்களை இழந்து, ஈட்டி முனை போல ஆகிவிடும். ஒரே செடியில் இத்தனை வடிவ இலைகள்! கிள்ளி எடுத்த நுனி இலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செடியைச் சொல்ல முயல்பவர் ஏமாறுவது இதனால்தான்.

வெண்பொடியின் இரகசியம்

இப்போது இளந்தளிரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவு தூவியது போல இருக்கும். விரலால் தேய்த்தால் கையில் ஒட்டும். சாலையோரப் புழுதி என்று எண்ணிவிடாதீர்கள். லென்ஸ் வழியே நோக்கினால் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் குவிந்து கிடப்பதைக் காணலாம். ஒவ்வொரு மணியும் ஓர் உயிரணு. மெல்லிய காம்பின்மேல் பலூனைப் போல ஊதி நிற்கும் தூவி அது. இலை முதிரும்போது இந்தப் பலூன்கள் வற்றிச் சுருங்கிவிடும். ஆகவே முதிர்ந்த இலையில் பொடி குறைவாகவும், தளிரில் மிகுதியாகவும் இருக்கும். தோட்டங்களில் வளர்க்கப்படும் சில வகைகளில் தளிரின் பொடி செந்நீல நிறத்தில் அழகாகத் தோன்றும்.

தளிர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது பரவி நனைக்காமல் முத்தாகத் திரண்டு உருண்டோடும். இது எளிய சோதனை. ஆனால் நல்ல சோதனை.

இந்தத் தூவிகளால் செடிக்கு என்ன பயன்? இதன் நெருங்கிய உறவான குயினோ என்னும் தென் அமெரிக்கத் தானியச் செடியிலும் இதே தூவிகள் உள்ளன. உப்பு நிலத்தில் மிகுதியான உப்பைச் சேர்த்து வைக்கும் தொட்டிகள் இவை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அண்மை ஆண்டுகளில் தூவிகளே இல்லாத குயினோ வகையை வளர்த்துப் பார்த்தபோது, உப்பைத் தாங்கும் திறன் அதற்குக் குறையவில்லை. பூச்சிகள்தாம் அதை அதிகமாகத் தாக்கின. ஆகவே இத்தூவிகள் செடிக்கு ஒரு கவசம் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது.

பூவும் விதையும்

பூக்கள் மிகச் சிறியவை; பச்சை நிறமானவை. கிளை நுனிகளிலும் இலைக்கக்கங்களிலும் கொத்துக் கொத்தாக இருக்கும். வண்ண அல்லி இதழ்கள் கிடையா. லென்ஸில் பார்த்தால் ஐந்து பச்சைப் பூவிதழ்கள், ஐந்து மகரந்தத்தாள்கள், இரண்டாகப் பிரிந்த சூல்முடி ஆகியவை தெரியும். ஒவ்வொரு பூவிதழின் முதுகிலும் படகின் அடிப்பாகம் போன்ற ஒரு மேடு ஓடும். காய் முதிர்ந்த பின்னும் இந்த ஐந்து இதழ்களும் விதையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால், சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள, லென்ஸ் வடிவமான, பளபளக்கும் கருவிதைகள் கிடைக்கும்.

ஏமாற்றும் செடிகள்

ஒரு செடி எது என்று கூறுவதற்கு, அது எதுவெல்லாம் அல்ல என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நம் ஊரில் குழப்பம் தரக்கூடிய செடிகள் சில உண்டு.

குப்பைக்கீரை: இதுவும் அதே இடங்களில் வளர்வது, இதன் விதையும் கறுப்பாக மின்னும். ஆனால் இலையில் பொடி இல்லை. இலை நுனியில் நகத்தால் கிள்ளியது போன்ற ஒரு சிறு பள்ளம் இருக்கும்.

முள்ளுக்கீரை: இலைக்கக்கங்களில் கூரிய முட்கள் இருப்பதால் எளிதில் பிரித்தறியலாம்.

கீனோபோடியம் முராலே என்று முன்பு அழைக்கப்பட்ட செடி: சக்கரவர்த்திக் கீரைக்கு மிக நெருங்கிய உறவு, சுவரோரங்களில் வளரும். இதன் இலைகளின் மேற்பரப்பு கரும்பச்சையாக மினுமினுக்கும். பற்கள் பெரியவை, கூரியவை. கசக்கினால் விரும்பத்தகாத வாடை வரும். விதையில் பளபளப்பு இராது. அதன் விளிம்பு கூராக இருக்கும்.

டிஸ்பேனியா அம்புரோசியாய்டிஸ்: இதுவும் உறவுச் செடிதான். இலையைக் கசக்கியதும் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். சக்கரவர்த்திக் கீரைக்கு அத்தகைய நெடி கிடையாது.

ஊமத்தையின் இளஞ்செடி: எல்லாவற்றிலும் இதுதான் அபாயமானது. இதுவும் குப்பைமேட்டில்தான் முளைக்கும். இலையில் வெண்பொடி இல்லை. இலையின் அடிப்பகுதி நடுநரம்பின் இருபுறமும் சமமாக இராமல் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். நீண்ட ஊதுகுழல் போன்ற பூ வந்த பிறகு எவரும் ஏமாற மாட்டார்கள். பூக்காத நிலையில்தான் ஆபத்து.

இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், பெரிய பண்ணையில் விளைந்து கடைகளில் விற்கப்பட்ட கீரையுடன் ஊமத்தை இனச் செடி ஒன்று தவறுதலாகக் கலந்துவிட்டது. அதை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பார்வை மங்கி, நெஞ்சு படபடத்து, பிதற்றும் நிலைக்கு ஆளானார்கள். கீரையையே தொழிலாகக் கொண்ட இடத்திலும் ஒரு களை கண்ணுக்குத் தப்பிவிடக் கூடும். ஆகவே ஓர் அடையாளம் பொருந்தியதும் துள்ளிக் குதிக்காதீர்கள். தண்டு, இலை, பொடி, வாடை, பூ, விதை என்று எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

செடியின் முகவரி

இவற்றோடு இன்னோர் அடையாளமும் உண்டு. அதுதான் செடி நிற்கும் இடம். செடியைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் இந்த அடையாளத்தை வயலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

சக்கரவர்த்திக் கீரையை அடர்ந்த காட்டின் நிழலில் தேடினால் கிடைக்காது. நெருங்கிய புல்வெளியின் நடுவிலும் கிடைப்பது அரிது. உழுத வயல், எருக்குழி, மாட்டுத் தொழுவத்தின் பின்புறம், இடிந்த வீட்டின் மண்மேடு, புதிதாக வெட்டிய வாய்க்கால் கரை ஆகியவையே இதன் இருப்பிடங்கள். பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குளிர்காலக் கோதுமை வயல்களின் முக்கியமான களைகளுள் இதுவும் ஒன்று. விவசாயிக்கு அது களை. அவர் வீட்டு அடுப்பில் அதுவே சுவையான கீரை! நம் மாநிலத்தில் மலைப்பகுதிக் காய்கறித் தோட்டங்களிலும், சமவெளியில் குளிர் மாதங்களிலும் இதைத் தேடலாம்.

இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? மண் கிளறப்பட்டிருக்கிறது, வெயில் தரையில் விழுகிறது, எருவோ குப்பையோ மக்கி நைட்ரேட் உப்புகள் சேர்ந்திருக்கின்றன. சரி, மண்ணுக்குள் கிடக்கும் கடுகினும் சிறிய விதைக்கு இது எப்படித் தெரிகிறது?

விதை அளந்து பார்க்கிறது என்றே சொல்லலாம். முதலாவது, ஒளி. ஆழத்தில் புதைந்த விதைகளுள் பெரும்பாலானவை இருளில் உறங்கிக் கிடக்கும். கலப்பை அவற்றை மேலே புரட்டும்போது ஒளி படுகிறது. விதையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி அந்த ஒளியை உணர்கிறது. மற்றச் செடிகளின் இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், அவற்றின் அடியில் விழும் ஒளியில் அந்தச் சிவப்பு குறைந்திருக்கும். நிறமி இந்த வேறுபாட்டையும் அறியும். ‘மேலே வேறு செடிகள் இருக்கின்றன’ என்பதற்கு அதுவே அறிகுறி.

இரண்டாவது, நைட்ரேட். கிளறப்பட்ட மண்ணில் காற்றுப் புகுவதால் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்து நைட்ரேட்டை உண்டாக்குகின்றன. அது விதையின் உறக்கத்தைக் கலைக்க உதவுகிறது. மூன்றாவது, வெப்பம். செடி கொடிகள் மூடாத வெற்று மண் பகலில் நன்றாகச் சூடேறி, இரவில் நன்றாகக் குளிரும். இந்த ஏற்ற இறக்கமும் விதையை எழுப்பும். மூன்றும் கூடினால் பொருள் ஒன்றே: ‘இடம் காலியாக இருக்கிறது, உணவும் இருக்கிறது, எழுந்திரு!’

முளைத்த பின்னும் இந்த அளவீடு நிற்பதில்லை. 1970-களில் இங்கிலாந்தில் மார்கன், ஸ்மித் என்னும் இரு ஆய்வாளர்கள் இச்செடியைக் கொண்டே ஒரு சோதனை செய்தார்கள். இலை நிழலில் இருக்கும் ஒளியைப் போன்ற ஒளியைக் கொடுத்தபோது இதன் தண்டு விரைவாக நீண்டது. பக்கத்துச் செடிகளை முந்திக்கொண்டு வெயிலை எட்டுவதற்கான முயற்சி அது. கோதுமைக்கு நடுவே ஒல்லியாக நெடுநெடுவென்றும், தனியாக நிற்கும்போது புதராகக் கிளைத்தும் இச்செடி தோன்றுவதன் காரணம் உங்களுக்கு இப்போது விளங்குகிறது அல்லவா?

விதைகளிலும் ஒரு தந்திரம் உண்டு. செழிப்பான ஒரே செடி 70,000-க்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை தடித்த தோலுடைய கறுப்பு விதைகள். பல ஆண்டுகள் மண்ணில் உறங்கக் கூடியவை. சில மட்டும் மெல்லிய தோலுடைய பழுப்பு விதைகள். ஈரம் கிடைத்தால் உடனே முளைப்பவை. கையிலுள்ள பணத்தில் கொஞ்சத்தைச் செலவுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வங்கியில் போடும் குடும்பத் தலைவி போல, இச்செடியும் நடந்துகொள்கிறது. ஒரு தடவை களை எடுத்தால் தீராமல் ஆண்டுதோறும் முளைத்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மனிதன் பின்னே வந்த செடி

மனிதன் கலப்பை பிடிப்பதற்கு முன்பும் மண்ணைக் கிளறும் ஆற்றல்கள் இருந்தன. ஆற்று வெள்ளம் கரையைப் புரட்டியது. நிலச்சரிவு புதுமண்ணைத் திறந்தது. விலங்குகளின் குளம்பும் சாணமும் தரையை மாற்றின. அத்தகைய இடங்களில் பிழைக்கப் பழகிய செடிக்கு, உழவனின் வயல் விருந்து வைத்தது போலாயிற்று. அன்றிலிருந்து ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மனிதன் சென்ற இடமெல்லாம் இது தொடர்ந்தது. இன்று உலகின் பெரும்பகுதியில் இதைக் காணலாம்.

இதற்குத் தொல்லியல் சான்றும் உண்டு. 1950-இல் டென்மார்க் நாட்டின் சதுப்பு நிலம் ஒன்றில், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவரின் உடல் கெடாமல் கிடைத்தது. டோலண்ட் மனிதன் என்று அவரை அழைக்கிறார்கள். அவருடைய குடலில் இருந்த கடைசி உணவு, வாற்கோதுமைக் கஞ்சி. அதனுடன் கலந்திருந்த காட்டு விதைகளில் நம் சக்கரவர்த்திக் கீரையின் விதைகளும் இருந்தன.

வட அமெரிக்காவில் இதன் உறவினம் ஒன்றை மக்கள் பயிராகவே வளர்த்தார்கள். அங்கே 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட குகைகளில் கிடைத்த விதைகளின் தோல், காட்டுச் செடியின் விதைத் தோலைவிட மெல்லியதாக இருக்கிறது. விதைத்தவுடன் முளைப்பதையே உழவர் ஆண்டுதோறும் அறுவடை செய்தனர். உறங்கும் விதைகள் பின்தங்கிப் போயின. விதைத் தோலின் தடிப்பைக் கொண்டே ‘இது காட்டுச் செடியா, பயிரா’ என்று சொல்ல முடிகிறது.

உண்ணலாமா?

உண்ணலாம், ஆனால் முகவரியைப் பார்த்துத்தான். எரு மிகுந்த மண்ணை இச்செடி விரும்புகிறது என்று கண்டோம். அத்தகைய மண்ணில் வளரும்போது நைட்ரேட்டைத் தன் உடலில் மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளும். இதை அளவுக்கு மீறி மேயும் கால்நடைகளுக்கு நைட்ரேட் நஞ்சாவதும் உண்டு. பசலை இனக் கீரைகளைப் போல இதிலும் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒதுக்குவது நல்லது. மற்றவர்கள் வேகவைத்து, அந்த நீரை இறுத்துவிட்டு உண்டால் இவ்விரண்டும் குறையும். சாக்கடையோரம், தொழிற்சாலைக் கழிவு ஓடும் இடம், பூச்சிமருந்து தெளித்த வயல், போக்குவரத்து மிகுந்த சாலை ஆகிய இடங்களில் வளர்ந்த செடி எவ்வளவு தளதளப்பாக இருந்தாலும் தொடாதீர்கள். நீங்கள் பயிற்சிக்காகத் தேடிக் கண்டுபிடித்த செடியை, கீரையை நன்கு அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டாமல் வாயில் வைக்கவே கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒன்று: தோட்டத்து மண்ணை ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்து, கட்டியின்றி உதிர்த்து, இரண்டு தட்டுகளில் சம அளவில் மெல்லப் பரப்புங்கள். இரண்டிலும் நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றை வெளிச்சத்தில் வையுங்கள். மற்றொன்றை ஒளி புகாத பெட்டியில் மூடி, இடையில் திறக்காமல் பக்கத்திலேயே வையுங்கள். பத்து நாள்கள் கழித்து இரண்டிலும் முளைத்த நாற்றுகளை எண்ணுங்கள். எந்தத் தட்டில் அதிகம்? ஏன்? உங்கள் தோட்டத்தில் சக்கரவர்த்திக் கீரை இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒளிக்காகக் காத்திருக்கும் களை விதைகள் வேறு பல உண்டு.

இரண்டு: செடியை வேருடன் எடுத்து, செய்தித்தாள்களுக்கிடையே விரித்து, மேலே பாரம் வைத்து உலர்த்துங்கள். தாள்களை நாள்தோறும் மாற்றுங்கள். உலர்ந்ததும் தடித்த அட்டையில் ஒட்டி, ஊர், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். உலர்ந்தால் மறைந்துவிடும் தண்டின் நிறம், வாடை, செடியின் உயரம் ஆகியவற்றைப் பறிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் இன்னும் ஒரு வரி எழுத மறக்க வேண்டாம்: செடி நின்ற இடம் எப்படிப்பட்டது? வெயிலா, நிழலா? உழுத மண்ணா, இறுகிய மண்ணா? பக்கத்தில் வேறு என்னென்ன செடிகள் இருந்தன? உலர்ந்த இலை தன் வடிவத்தை எப்போது வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்லும். தான் எங்கே, யாரோடு, எப்படி வாழ்ந்தது என்பதை அன்று நீங்கள் எழுதி வைத்தால்தான் பிறகு சொல்லும்.